பூஜ்ஜியம் என்று சொன்ன நாள்

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் ஸ்டெப்-அப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி டிவி படம் சுருங்கும், யாராவது எழுந்துபோய்க் குமிழைத் திருகுவார்கள். குனிந்து முகர்ந்தேன். கம்பிச் சுருளின் சூடேறிய வார்னிஷ் வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த வாசனை என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஆய்வகத்தில் கொண்டுபோய் விட்டது. அப்போது நான் இயற்பியலில் தொடர்ந்து ஃபெயில். இன்னொரு முறை தவறினால் பொதுப் பரீட்சைக்கே அனுப்பப்போவதில்லை என்று இயற்பியல் மிஸ் சொல்லிவிட்டார். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்ற அம்மா ஞானத்திடம் இதை நான் சொல்லவில்லை.

தோழி ஜெயா மாட வீதிப் பெண். பள்ளி விட்டதும் கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்து எனக்குக் கணக்குச் சொல்லித்தருவாள். டிரான்ஸ்ஃபார்மரில் கம்பிச் சுற்றுகளின் விகிதம்தான் வோல்டேஜின் விகிதம். அவளுக்கு அது போதும். எனக்குச் சூத்திரம் மனதில் நிற்காது. அதனால் எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று குடைவேன். "ஏண்டி பிராணனை வாங்கறே? ஃபார்முலாவைப் போட்டுண்டு போயேன்" என்பாள்.

ஒருநாள் மிஸ் கரும்பலகையில் எழுதினார்: முதன்மைச் சுருளில் நூறு சுற்று, துணைச் சுருளில் இருநூறு, முதன்மைச் சுருளுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. துணைச் சுருளில் எவ்வளவு? ஜெயா உட்பட வகுப்பே "இருபத்துநாலு" என்றது.

"பூஜ்ஜியம் மிஸ்" என்றேன். சிரிப்பு கிளம்பியது.

"ஏன்?" என்றார் மிஸ். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"பேட்டரி கரெண்ட் மாறாதே மிஸ். காந்தப்புலம் மாறினாதானே அந்தப் பக்கம் கரெண்ட் வரும்?"

மிஸ் சுருள்களை எடுத்துவந்து, ஒன்றில் பேட்டரியையும் மற்றதில் கால்வனாமீட்டரையும் இணைத்தார். சுவிட்சைப் போட்டதும் முள் துள்ளியது. போச்சு என்று நினைத்தேன். அடுத்த கணம் முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பி அசையாமல் நின்றது. அணைத்தபோது எதிர்ப்பக்கம் ஒரு துள்ளல், மறுபடி பூஜ்ஜியம்.

"நீ பரீட்சை எழுதறே" என்றார் மிஸ். ஜெயா என் தொடையைக் கிள்ளினாள். "நேக்கு ஏண்டி தோணலை?"

பையோடு நேராக அம்மாவிடம் ஓடினேன். "ஜீரோம்மா, ஜீரோ!"

"இன்னாடி, ஜீரோ வாங்கிட்டு சிரிச்சிக்கினு வர்றே?"

விளக்கினேன். எவ்வளவு புரிந்ததோ, அன்று வஞ்சிரம் வாங்க வந்தவர்களெல்லாம் கதையையும் சேர்த்தே வாங்கிப்போனார்கள். "கிளாசே தப்பா சொல்லிச்சாம். எம் பொண்ணு ஒருத்திதான் கரீட்டு!"

பிறகு மின்பொறியியல் படித்தேன். ஊருக்கு மின்சாரம் அனுப்பும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது இன்று என் வேலை. முதல் கையெழுத்தைப் பார்க்க அம்மா இருந்தாள், இப்போது இல்லை.

சாலையோர மீன்கடைகளும் கட்டடத்துக்குள் போய்விட்டன. தரை பளிச்சென்றிருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, நல்லதுதான். போன ஞாயிறு சங்கரா மீன் வாங்கப் போனேன். "நீ ஞானம் பொண்ணுதானே?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.