மைனஸ் மூன்றாம் வீடு

மொட்டைமாடியில் பேத்தி போட்ட சாக்பீஸ் எண்கோட்டில் தூறல் விழுந்து எழுந்த வாசனை, நீலசந்திராவில் இன்று இல்லாத எங்கள் சந்துக்கு என்னை இழுத்துப்போனது. சந்தின் நடுவில் ‘நல்லி’ என்று நாங்கள் சொல்லும் தண்ணீர்க் குழாய். அல்ஜீப்ரா தொடங்கிய வருடம் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லா அதைப் பூஜ்யமாக்கி, தன் பக்கத்து வாசல்களில் ஒன்று, இரண்டு, தன் வீட்டுக்கு மூன்று என்றும் எங்கள் பக்கத்தில் அவற்றையே மைனஸ் போட்டும் சாக்பீஸால் எழுதினாள்.

“நீ மைனஸ் மூணுடி, எங்களைவிடக் கம்மி.”

விடிந்ததும், குடம் இடுப்பில் தளும்பத் தளும்ப, நல்லியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கும் அடி எண்ணி நடந்தேன், இரண்டும் நாற்பதுதான்.

“தூரத்துல ஏதுடி மைனஸ்? இந்தா, தூக்கிப் பாரு” என்று ஸ்டெல்லாவிடம் குடத்தை நீட்டினேன்.

என் வாசல்வரை தூக்கி வந்தவள், மூச்சு வாங்க, மைனஸை அழிக்கக் குனிந்தாள்.

“அழிக்காதடி, அது என் வீட்டு நம்பர்” என்றேன். மழை அழித்தபோதெல்லாம் நானே மறுபடி எழுதினேன்.