ஓரம் வரை இழுத்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு உட்கார்ந்திருந்தபோது ஜெயசீலனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஓசூரில் அவன் மகன் கட்டிய வீட்டு மாடியில், படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை. சுவர் நிறையத் திரை, கூரையில் தலைகீழாகத் தொங்கும் புரொஜெக்டர், சாய்ந்தால் காலையும் தூக்கிக்கொள்ளும் நாற்காலிகள். ஒயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "மாத்தி மாத்தி சொருகுற வேலையே இல்லடா, போன்ல தொட்டா அதுவே எடுத்துக்குது" என்று அவன் குரல் வேறு. இரண்டு முறை பார்த்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை போடுகிற வயதில் இன்னொருவன் வீட்டு நாற்காலியைப் பார்த்து எரிகிறது. மூன்றாவது இட்லியைச் சட்னி தொடாமலே தின்றுகொண்டிருக்கிறேன் என்று மனைவி சொல்லித்தான் கவனித்தேன்.

சாப்பிட்ட கையோடு பரணில் ஏறினேன். அங்கே ஒரு தோல்பை நிறையப் பழைய ஒயர்கள் கிடக்கின்றன. தூக்கிப்போடச் சொல்லி வருடத்துக்கு இரண்டு முறை உத்தரவு வரும், நானும் தலையாட்டிவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவேன். ஜிப்பைத் திறந்ததும் இளகிய ரப்பர் வாசனை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளோடு ஒரு கட்டு. சிவப்பு, பச்சை, நீலத்தில் இன்னொரு கட்டு. இரண்டு பக்கமும் திருகாணி வைத்த நீல பிளக் ஒன்று, கம்ப்யூட்டருக்கானது. அந்த ரப்பர் வாசனைக்கு அடியில் மெல்ல ஒரு தோல் வாசனையும் வந்தது, அது பையினுடையது.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு அப்போது செலக்‌ஷன் பிரிவில் வேலை. வடக்கு ஜன்னலோரம் நீள மேசை, கையில் சாக்பீஸ். வருகிற ஒவ்வொரு தோலையும் விரித்துப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கீறிய கோடு, கத்தி பட்ட இடம், எல்லாம் மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்னால் என் கண்ணுக்குப் பட்டுவிடும். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால், வீட்டிலும் அதையேதான் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பாள் என் மனைவி.

ஜெயசீலன் அதே கம்பெனியில் ஆர்டர் பார்க்கும் பிரிவில் இருந்தான். வெளிநாட்டு பையர்களுக்கு மாடல் காட்டுவதற்காக ஆபீஸில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. புதியது வந்ததும் பழையதை ஸ்டாஃபுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, ஆசைப்பட்டவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பிஸ்கட் டப்பாவில் குலுக்கினார்கள். ஜெயசீலன் பெயர் வந்தது. அதுவரை எங்கள் செட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சினிமா என்றால் என் வீடுதான். இருபத்தொன்பது அங்குல டிவி வைத்திருந்தது நான் ஒருவன்தான். அடுத்த வாரமே அத்தனை பேரும் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அவன் வீட்டு ஹாலுக்கு இடம் மாறினார்கள். கோபத்தில் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதல் ஆளாகப் போனவன் நான்தான்.

திரைக்கு அவன் செய்த ஏற்பாடு எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் வெள்ளை லைனிங்கில் கழித்துப்போட்ட ரோல் ஒன்றை எடுத்து, இரண்டு அகலம் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டினான். நடுவில் தையல் ஓடியது. எந்தக் கதாநாயகி வந்தாலும் மூக்கில் கோடு. தடவிப் பார்த்துவிட்டு மூன்றாம் தரம் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் எழுந்து என் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு ஒரே ஆறுதல் ஒயர். அந்தப் புரொஜெக்டரில் இருந்தது இரண்டே வாசல். கேபிள் பெட்டிக்கு மஞ்சள் முனை, டிவிடிக்கு மூன்று நிறம், லேப்டாப்புக்கு நீல பிளக், பழைய கேசட் பிளேயருக்கு மறுபடியும் மஞ்சள். ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் சொருக வேண்டும், சத்தத்தைத் தனியாக ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்கு மட்டும்தான் அது கைவந்தது. படம் அவன் வீட்டில் ஓடினாலும் நான் குனிந்து எழுந்தால்தான் ஓடும். அந்த அற்ப சந்தோஷத்தில் ஆறேழு மாதம் கழிந்தது.

பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தான். எல்லா ஒயரையும் அதன் பின்னால் ஒருமுறை சொருகிவிட்டால் போதும். எதிலிருந்து வந்தாலும் அந்தப் பெட்டி படத்தைத் தேற்றி, பெரிதாக்கி, ஒரே ஒயரில் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். கேபிளில் வரும் மங்கல் படம்கூடக் கொஞ்சம் முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அவனே ரிமோட்டில் ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டினான். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெட்டியின் மேல் மனிதனுக்குப் பொறாமை வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

பழைய படங்கள் சதுரமாக வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். ஜெயசீலனுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தொழிலில் பதப்படுத்திய தோலைச் சட்டத்தில் கிளிப் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். இழுக்க இழுக்கப் பரப்பளவு கூடும், தோலுக்கு விலை பரப்பளவில்தான். அந்தப் புத்தியில், ரிமோட்டில் 'ஃபுல்' என்ற பட்டனை அழுத்திப் படத்தை இரண்டு ஓரமும் தொடும்படி இழுத்துவிட்டான். "இவ்ளோ எடம் சும்மா கருப்பா கெடந்தா இன்னா பிரயோஜனம், இப்ப பாரு, அளவு ஜாஸ்தி" என்றான். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஒல்லிப் பாட்டுக்காரர்கள் அன்றே சதை போட்டார்கள். அளவுக்கு மேல் இழுத்த தோல் எப்படித் தளர்ந்துபோகும் என்று கம்பெனியில் தினமும் சொல்கிற நான், அங்கே வாயைத் திறக்கவில்லை. உன் பெட்டிதானே, நீயே பார்த்துக்கொள் என்று இருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் தன் அக்கா கல்யாணக் கேசட்டைப் போட்டான். அவன் அம்மா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அம்மா நடக்கிற, சிரிக்கிற படம் என்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவன் அப்பாவை, கையைப் பிடித்து அழைத்துவந்து திரைக்கு நேர் முன்னால் உட்காரவைத்தான். நாங்கள் பின்னால் இருந்தோம். அந்த அம்மா வந்தார்கள், இரண்டு பக்கமும் பிதுங்கிய முகத்தோடு, குட்டையாக, கழுத்தே இல்லாமல். எங்களில் ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

"யாரு இது?" என்றார் அப்பா.

"அம்மாப்பா."

அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து பார்த்தார். "இவ இல்ல. எடுத்து வை" என்றார்.

கேசட் பழசாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்றான் ஜெயசீலன். எனக்குத் தெரியும், கேசட்டில் ஒரு கோளாறும் இல்லை. 'ஃபுல்'லுக்குப் பக்கத்திலேயே 'நார்மல்' என்ற பட்டன் இருந்தது. அவன் பெட்டி எல்லார் முன்னாலும் தோற்றதில் எனக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் கேட்கவில்லை. கேசட் பீரோவுக்குள் போய்விட்டது.

சில மாதம் கழித்து, ஈஸ்டர் முடிந்த வாரம் ஏதோ வேலையாக அவன் வீட்டுக்குப் போனேன். கேட்டருகே அப்பா நின்றிருந்தார். இரண்டடி தூரத்தில் நான். "யாருபா?" என்று கேட்டார். வாராவாரம் பார்க்கிற என் முகம் அவருக்குத் தெரியவில்லை. உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த ஜெயசீலன் அப்போதுதான் சொன்னான். கண்ணுக்குள் பின்பக்கம் கெட்டுக்கொண்டு வருகிறது, முதலில் முகங்கள்தான் போகும் என்று டாக்டர் ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டாராம். "பெருசா போட்டா அம்மாவ ஒரு தபா நல்லா பாத்துக்குவாருன்னுதான்டா இத்தன பேஜாரும். பாத்துட்டு இவ இல்லன்ட்டாரு."

டீ ஆறிப்போனது. பீரோவிலிருந்து கேசட்டை எடுக்கச் சொன்னேன். அப்பாவை அதே இடத்தில் உட்காரவைத்து, ரிமோட்டை எடுத்து அந்தப் பட்டனை அழுத்தினேன். இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்தது. நடுவில் அந்த அம்மா ஒல்லியாக, உயரமாக வந்து நின்றார்கள். ஜெயசீலன் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டான். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெளிச்சம்தான்பா தெரியுது. மூஞ்சி தெர்ல" என்றார் பிறகு. "நீ தோல் பாக்கறவன்தானே, நீ பாத்துச் சொல்லு. எப்டி இருக்கா?"

எத்தனையோ ஆயிரம் தோலைப் பார்த்துக் குறை சொன்னவன் நான். அன்றைக்குக் கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். "கழுத்து நல்லா நீளமா இருக்குப்பா. தலைல கனகாம்பரம். யாரையோ பாத்து கையாட்றாங்க."

"என்னத்தான்" என்றார் அவர். "பிரியாணி தேக்சா கிட்ட நான் நின்னுனு இருந்தேன். சாப்ட வரச் சொல்றா."

படம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு ஜெயசீலன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றான். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. கேசட் பிளேயர் போயிற்று, அந்தப் பெட்டியும் லைனிங் திரையும் வீடு மாற்றும்போது குப்பைக்குப் போயின. இப்போது எந்தப் படமானாலும் தன் அளவைத் தானே பார்த்துக்கொள்கிறது, குனிந்து சொருக ஆள் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கும் யாரும் போவதில்லை. ஜெயசீலன் அனுப்பிய வீடியோவின் கடைசியில் ஒரு வரி சொல்கிறான். கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றப் பார்த்தானாம், பூஞ்சை பிடித்து டேப் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதாம். "எல்லாம் இருக்குடா இங்க, அம்மா மட்டும் இல்ல."

இன்னும் நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது? கேசட்டை முதலில் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுக்கு முகம் தெரிந்துகொண்டிருந்தது. ரிமோட் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.