டீயோடு விழுங்கிய மாத்திரை

கும்மிடிப்பூண்டி பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் எனக்குக் கான்ட்ராக்ட் வேலை. மாதவிலக்கு வந்தால் ஒன்பது நாள், கட்டி கட்டியாகப் போகும். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷமாக ஒரு நாள்கூட விடாமல் போட்டேன்.

போன மாதம் மெஷின் முன்னால் கண் இருட்டிச் சாய்ந்தேன். பக்கத்தில் நின்ற செல்வி பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தால் ரத்த அளவு ஆறுதான்; பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம்.

"மாத்திரையை எதோட போடுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"டீயோடதான் மேடம். டீ பிரேக்லதான் நேரம் கிடைக்குது."

இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்குமாம். ஒரு வருஷ மாத்திரையும் வீண்.

இப்போது விடிந்ததும் தண்ணீரில் விழுங்குகிறேன். ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பை ஸ்கேன் எடுக்க லீவு கேட்டேன். "நீ போ, நான் வேற ஆள இட்டுக்கினு வரேன்" என்றார் சூப்பர்வைசர். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.

செல்விக்கும் இதே மாத்திரைதான். டீயோடு போடாதே என்று அவளிடம் சொன்னேன்.

"காலைல தண்ணில போட்டுக்கினு வேன்ல வந்தா வாந்தி வருதுக்கா. டீயோட போட்டாதான் வயித்துல தங்குது."

அவள் சொல்வது பொய்யில்லை. நானும் இப்போது மடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து வைத்துக்கொண்டுதான் கம்பெனி வேனில் உட்காருகிறேன்.