எப்படிப் போட்டாலும் ஒரே விடை

முப்பத்துமூன்று வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை நான் ஐந்தாவது முறையாக எழுத உட்கார்ந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. பத்தில் தேறியவனுக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை விழாது. அந்த முத்திரை இல்லாத ஆளாகப் பார்த்துத்தான் வளைகுடாவில் ஒரு கிடங்கு வேலைக்கு அனுப்புவேன் என்று தக்கலை ஏஜெண்ட் சொல்லியிருந்தான். மற்ற பாடங்களை எப்போதோ தேறிவிட்டேன். கணக்கு மட்டும் கொச்சி ஓட்டல், திருப்பூர் சாயப்பட்டறை, கல் குவாரி என்று நான் போன இடமெல்லாம் தேறாமலே கூட வந்தது.

குழித்துறையில் செல்போன் கடைக்கு மேலே ஒரு டியூட்டோரியலில் சேர்ந்தேன். தகரக் கூரை. மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு. நெல் அவிக்கும் கலம் போன்ற அந்த அறைக்குள் பதினேழு பேர். கணக்கு சொல்லித் தந்தவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். படித்தது வரலாறு. முந்தைய கணக்கு வாத்தியார் வேலையை விட்டுப் போனதும், காலையில் அக்பரை நடத்திய அதே சட்டையோடு மத்தியானம் இவர் கணக்குக்கு வந்துவிட்டார். கையில் பாடப்புத்தகம் இருக்காது. ஒரு கைடு இருக்கும். அதையும் பாதிதான் திறப்பார்.

சார்புகளின் சேர்ப்பு என்று ஒரு பகுதி. சார்பு என்பது ஒரு வேலை. எண்ணை உள்ளே போட்டால் அதை ஏதோ செய்து வெளியே தள்ளும். சேர்ப்பு என்றால் ஒன்று தள்ளியதை மற்றொன்றுக்குள் போடுவது. இவ்வளவுதான். சார் பலகையில் இரண்டு சார்புகள் எழுதினார். ஒன்று இரண்டைக் கூட்டும், இன்னொன்று ஐந்தைக் கூட்டும். எதை முதலில் செய்தாலும் ஏழு கூடியது. உடனே கையைத் தட்டிச் சுண்ணாம்புப் பொடியை உதறினார்.

"பாத்தீங்களா? எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான். ரெண்டு வரிசையிலயும் கேப்பாங்க; ஒண்ணைச் செய்யுங்க, ரெண்டு இடத்திலயும் அதையே எழுதுங்க. நேரம் மிச்சம்."

எனக்குப் பக்கத்தில் குளச்சல்காரர் ஒருவர். என் வயதுதான். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், அவருக்கும் வளைகுடா கனவு, அதே முத்திரைப் பிரச்சினை. அவர் கையைத் தூக்கினார்.

"சாரே, மீனுக்கு உப்பு போட்டு வெயில்ல உணக்கினா கருவாடு. உணக்கிட்டு உப்பு போட்டா புழுதான வரும்? அப்ப வரிச வேணுமில்லியா?"

"அண்ணே, அது மீன். இது கணக்கு."

வகுப்பு சிரித்தது. குளச்சல்காரரும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் அப்போது அருமனையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலை உறையவைத்து ஷீட்டாக அடிக்கும் வேலையில் இருந்தேன். விடிகாலையில் வெட்டிய பாலை முதலில் அரிப்பில் வடிகட்ட வேண்டும். பிறகு தண்ணீர், பிறகு ஆசிட். பால் உறைந்த பின்பு உருளையில் அடிக்க வேண்டும். சேர்ந்த மூன்றாம் நாள், அரிக்காமலே ஆசிட்டை ஊற்றிவிட்டேன். பட்டைத் துண்டும் எறும்புமாக எல்லாம் கட்டியாக உறைந்தது. உறைந்ததை எந்த அரிப்பில் ஊற்றுவது? அன்றைய பால் முழுக்க, மரத்திலேயே காய்ந்து ஒட்டும் ஒட்டுப்பாலோடு கழிவாகப் போனது. தோட்டத்து முதலாளி அடிக்கவில்லை, ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. வரிசை என்றால் என்ன என்பது எனக்கு அப்படித்தான் தெரியும்.

பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டிருந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அந்தப் பக்கத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. சேர்ப்பில் வலப்பக்கம் நிற்கும் சார்பு முதலில் வேலை செய்யும், அதன் விடை இடப்பக்கத்துக்குள் போகும். நானே ஒரு தாளில் ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு சார்பு இரட்டிக்கும், மற்றொன்று மூன்றைக் கூட்டும். நாலை இரட்டித்து மூன்றைக் கூட்டினால் பதினொன்று. மூன்றைக் கூட்டி இரட்டித்தால் பதினான்கு. மறுநாள் கொண்டுபோய்ச் சாரிடம் காட்டினேன். அவர் தாளை வாங்காமலே பார்த்தார்.

"அது வேற மாடல் அண்ணே. பரீட்சைக்கு அந்த மாடல் வராது."

பதினொன்றும் பதினான்கும் ஒன்றல்ல என்பதைக்கூட மாடல் என்று பெயர் வைத்துத் தள்ளிவிடலாம் என்று அன்று கற்றுக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்தில் குளச்சல்காரரிடம் தாளைக் காட்டினேன்.

"நீரு சொன்னதுதான் சரி. பாரும்."

"எனக்குத் தெரியும் மக்கா. ஆனா அவரு டிகிரியில்லா? நமக்க கணக்கு கடப்புறத்து மீன்காரன் கணக்கு."

"புத்தகத்துல இருக்குவே."

"இருக்கட்டும். அவரு பாத்திருக்க மாட்டாரா?"

பார்த்திருக்க மாட்டார் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. உப்பையும் வெயிலையும் கையாலேயே அறிந்த மனிதர், தன் கையை நம்பாமல் இன்னொருவனின் சான்றிதழை நம்பினார். சாரைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

பரீட்சையில் அந்த மாடல்தான் வந்தது. இரண்டு சார்புகள் கொடுத்து, இருவிதமாகவும் சேர்த்து, சமமா என்று பார்க்கச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் இரண்டையும் தனித்தனியாகச் செய்து, சமமல்ல என்று எழுதினேன். இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். வெளியே வந்ததும் குளச்சல்காரரிடம் கேட்டேன்.

"சமம்னு எழுதுனேன். ஒண்ணச் செஞ்சேன், ரெண்டுலயும் போட்டேன். வேற வருமோன்னு பேனாவ எடுத்தேன், பயந்துட்டேன்."

முடிவு வந்தது. எனக்கு முப்பத்தேழு. அந்த ஐந்து இல்லாவிட்டால் முப்பத்திரண்டு, தேறியிருக்க மாட்டேன். குளச்சல்காரருக்கு முப்பத்தொன்று. அந்த ஐந்து இருந்திருந்தால் தேறியிருப்பார். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

இருந்தது. பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு குழித்துறை வழியாக வந்த அன்று, செல்போன் கடைக்கு மேலே புது ஃப்ளெக்ஸ் தொங்கியது. அதில் என் படம், சேர்க்கைப் படிவத்தில் நான் ஒட்டிக் கொடுத்த அதே படம். 'எங்கள் வெற்றி' என்று கீழே எழுத்து. மாடிப்படியில் குளச்சல்காரர் இறங்கி வந்தார், கையில் புது ரசீது.

"திரும்ப இங்கதானா?"

"இங்கதான பாஸாவுதானுவ? உனக்க படம் தொங்குதுல்லா."

"நான் பாஸானது புத்தகத்தப் பாத்துவே. இவரு சொன்னதப் போட்டிருந்தா நானும் உம்மகூட இந்தப் படியேறியிருப்பேன்."

"நீ எப்பவும் இப்படித்தான் பேசுவ" என்றார் அன்போடு.

கடைக்காரனிடம் ஏணி கேட்டேன். எதற்கு என்றான். என் முகத்தைக் கழற்ற என்றேன். தர முடியாது என்றான். பையில் கிடந்த பழைய கணக்குப் புத்தகத்தைக் குளச்சல்காரர் கையில் திணித்தேன். அவர் அதை வாங்கி, அட்டையைத் தடவிவிட்டு, சாரிடம் காட்டிக் கேட்கிறேன் என்றார். அடுத்த புதன்கிழமை எனக்கு விமானம்.