கோலா தெர்லாவில் நின்றுபோன கார்

அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு கோயில் கோபுரத்துச் சாரத்தில் நின்று யாளிக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து சுதை வேலைக்கு ஒப்பந்தத்தில் போனவன் நான். மலாய் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. தேவையும் வரவில்லை. கமிட்டிக்காரர்கள், கொத்தனார், சோறு போடுகிற அம்மா எல்லாரும் தமிழ். வேறு நாட்டில் இருக்கிறேன் என்பதே சமயத்தில் மறந்துபோகும். அந்தத் திமிருக்கு அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா வாழ்ந்தது கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். மச்சான் அங்கே தொழிற்சாலை லாரி ஓட்டுகிறார்.

"ராத்திரியே போயிட்டா தம்பி. நெஞ்சு வலின்னா, அவ்வளவுதான்" என்றார் போனில். "இங்க தெனமும் மத்தியானத்துக்கு மேல மழைலா. அதுக்கு முன்ன எடுத்துடணும். சீக்கிரம் வந்துரு."

அடுத்து ஊரிலிருந்து அம்மா. "பொறந்த வீட்டுக் கோடி போத்தாம எம்மகளை அனுப்பிறாதடா. நாதி இல்லாதவ மாதிரி அவ போகக் கூடாது."

புருஷன் இருக்கும்போது போய்ச் சேர்ந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சிவப்புக் கோடிப் புடவை வரவேண்டும். மஞ்சள், குங்குமம், வளையல், பூ எல்லாம் கூட வரவேண்டும். அதைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். நேரமாகிவிட்டால் அக்கம்பக்கத்தார் யாராவது ஒரு சேலையைப் போர்த்திக் காரியத்தை முடித்துவிடுவார்கள். அந்த நாட்டில் அவளுடைய பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். ஈப்போவிலேயே எல்லாம் வாங்கி, இரண்டு தாம்பாளத்தில் பரப்பிப் பின் சீட்டில் வைத்தேன். கமிட்டித் தலைவரின் கிழட்டுக் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மலை ஏறி முடித்ததும் கார் தன் புத்தியைக் காட்டியது. கோலா தெர்லா என்கிற சின்ன ஊருக்குள் நுழையும்போது முன்பக்கம் புகை. நிறுத்தித் திறந்தால் ரேடியேட்டர் குழாய் வெடித்து வெந்நீர் ரோட்டில் ஓடுகிறது. நல்லவேளையாக எதிரிலேயே ஒரு பட்டறை இருந்தது. காய்கறி லாரிகளைப் பழுது பார்க்கிற சீனர் ஒருவர், அறுபது வயதிருக்கும், வந்து என்னோடு சேர்ந்து காரை உள்ளே தள்ளினார்.

அவர் மலாயில் கேட்டார், சீனத்தில் கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன், இங்கிலீஷில் "அர்ஜென்ட்" என்றேன். அவர் சிரித்து, போனை எடுத்து யாரிடமோ பேசிவிட்டு, கிழிந்த குழாயைத் தூக்கிக் காட்டி, பிரிஞ்சாங் டவுன் இருக்கும் திசையில் கையை நீட்டினார். புதுக் குழாய் அங்கிருந்து வரவேண்டும் என்று புரிந்தது. எப்போது வரும் என்று கேட்கத்தான் தெரியவில்லை.

மொழிபெயர்த்துச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். சிக்னல் இல்லாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மச்சானுக்கு அடித்தேன், போகவில்லை. பக்கத்தில் தமிழில் பெயர்ப்பலகை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்று தெரிந்ததும் ஓடினேன். வெள்ளிக்கிழமை. கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார், கதவு சாத்தியிருந்தது. தமிழ் எழுத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கதவை ஓங்கித் தட்டினேன். ரோட்டில் போன லாரிகளை மறித்தேன். கையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

திரும்பி வந்தால் சீனர் தண்ணீர்க் குழாயும் கையுமாக என் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுவச் சொல்லி யார் கேட்டார்கள்? "வேண்டாம், வேண்டாம்" என்று கையைப் பிடித்தேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போய், ஒரு பெரிய சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து காரின் முகப்பில் பூப்போல முடிச்சுப் போட ஆரம்பித்தார். பின் சீட்டைக் காட்டினார். என்னைக் காட்டினார். கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போதுதான் உறைத்தது. சிவப்புப் பட்டு, வளையல், குங்குமம், மல்லிகை. அவர் கண்ணுக்கு நான் கல்யாண வீட்டுக்காரன். எதிரே தேயிலைச் சரிவின் தலையில் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முடிச்சின் ஓரங்களைப் பொறுமையாக இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். செத்துப்போய்விட்டாள் என்று கத்தினேன். அவர் மாப்பிள்ளையின் பதற்றம் என்று நினைத்திருப்பார், இன்னும் சிரித்தார். அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. வேறு வழி தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் படிந்த அந்தச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, கைகளை நெஞ்சில் கோத்து, கண்ணை மூடினேன்.

மூடிய பிறகுதான், அக்கா இப்போது இப்படித்தான் கிடக்கிறாள் என்று தோன்றியது. காலையிலிருந்து வராத அழுகை அங்கே வந்தது. வாய்விட்டு அழுதேன். பிணம் அழக் கூடாது, நான் அழுதேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் என் தலைமாட்டில் குந்தியிருந்தார். சிரிப்பு போயிருந்தது. எழுந்து போய், அவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துக் கட்டிய ரிப்பனை ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்தார். தாம்பாளங்களை எடுக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டுத் தன் லாரியைக் கிளப்பினார். மச்சான் முன்பு அனுப்பியிருந்த தோட்டத்துப் படத்தைப் போனில் காட்டினேன். வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. இரண்டு தாம்பாளத்தையும் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, அக்காவை எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருக்கக் கூடாது என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எடுத்திருக்கவில்லை. லயத்து முனையில் லாரி நின்றபோது தப்பு மேளச் சத்தம் கேட்டது. பாடை வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டம்மாள் ஒருத்தி மடித்த சேலையோடு தயாராக நின்றாள். சீனர் லாரியை விட்டு இறங்கவில்லை. சாவு வீட்டுக்குள் வர அவர்களுக்கும் ஆயிரம் யோசனை இருக்கும். நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

எங்கள் வழக்கப்படி கோடி கொண்டுவருகிறவர்கள் முனையிலேயே நிற்க வேண்டும். தப்பு வந்து எதிர்கொண்டு அழைத்துப் போகும். நானும் நின்றேன். ஒரு தாம்பாளத்தைத்தான் இரண்டு கையாலும் மரியாதையாகப் பிடிக்க முடிந்தது. மற்றது லாரி சீட்டில் இருந்தது. தூறலில் அதை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன்.

அவர் இறங்கினார். கால்சட்டையில் கையை இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தார். வளையலும் குங்குமமும் இருந்த தாம்பாளத்தை எடுத்து, நான் பிடித்திருந்த மாதிரியே நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

சடங்குகளை முன்நின்று செய்கிற பழைய கங்காணி தப்போடு எதிரே வந்தார். என்னையும் சீனரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொறந்த வீட்டு சனம் எத்தன பேருய்யா?"

"ரெண்டு பேரு" என்றேன்.