அப்பாவின் கூட்டுக் கிணறு

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர் எங்கள் கிணற்றில் ஒரு நாளாவது குளித்தவர்கள். சமயநல்லூரை அடுத்த எங்கள் ஊரில்தான் அப்பா பிறந்தார். அந்தக் கிணறு அப்பாவுக்கும் அவருடைய தம்பியான எங்கள் சித்தப்பாவுக்கும் பொதுவாக வந்த சொத்து. ஒரு நாள் அப்பா முறை, மறுநாள் சித்தப்பா முறை என்று இருவரும் மோட்டார் போட்டு வந்தார்கள்.

தண்ணீர் வீணானால் அப்பாவுக்குப் பொறுக்காது. கல்யாண வீட்டிலும் கை கழுவும் இடத்தில் நின்று, ஒழுகும் குழாயை மூடிக்கொண்டிருப்பார். "அண்ணே, மொய் எழுத வந்தீகளா, குழாய் மூட வந்தீகளா?" என்று அத்தை கேலி செய்வார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொடர்ந்து மழை பொய்த்தது. "வாழையை விட்ரு, சோளம் போடுவோம்" என்று அப்பா சொன்னதைச் சித்தப்பா கேட்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்திலேயே தம் நிலத்தில் ஆழ்துளைப் போர் போட்டார். அடுத்த கோடையில் கிணறு வற்றிவிட்டது. அப்பாவையும் போர் போடச் சொல்லி எல்லோரும் நச்சரித்தார்கள். "நானும் உறிஞ்சுனா ஊருல மத்தவுக கிணத்துக்கு என்ன மிஞ்சும்?" என்று மறுத்துவிட்டார். எங்கள் நிலம் தரிசாகக் கிடந்தது. வயதான காலத்தில் அப்பா மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவலுக்குப் போனார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

"ஒரு வாரம் போரை நிறுத்திப் பாரு தம்பி, ஊத்து தானா வரும்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். சித்தப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

சென்ற ஆண்டு அப்பா ஆஸ்பத்திரியில் படுத்ததும் சித்தப்பா ஓடி வந்தார். "அண்ணே, நீங்க எந்திரிச்சு வார வரைக்கும் மோட்டாரைத் தொட மாட்டேன்" என்று அழுதார். சொன்னபடியே வாழையைக் காயவிட்டார். சில நாள் கழித்து அப்பா என்னிடம், "கிணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்துட்டு வா தாயி" என்றார். ஊருக்குப் போய் எட்டிப் பார்த்தேன். முழங்காலளவு ஊறியிருந்தது. திரும்பி வருவதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. காதருகே குனிந்து சொன்னேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மறுநாள் காலமானார்.

அப்பாவைக் குளிப்பாட்ட, நீர்மாலைக்கு என் தம்பியும் பங்காளிகளும் அந்தக் கிணற்றில்தான் குடம் நிறைத்தார்கள். காரியம் முடிந்ததும் சித்தப்பா மீண்டும் மோட்டாரைப் போட்டார். இப்போது கிணறு காய்ந்து கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் துணையிருந்த அத்தைக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும் குடும்பத்தார் கைகூப்பி நன்றி சொல்கிறோம். சித்தப்பாவையும் இதில் சேர்க்கச் சொன்னார் அம்மா. சேர்க்கிறேன். நீர்மாலைக்குத் தண்ணீர் விட்டதற்கு நன்றி, சித்தப்பா. அப்பா உயிரோடு இருந்தபோது உங்களிடம் கேட்டதும் அவ்வளவு தண்ணீரைத்தான்.