எவுதோசியா அவிழ்த்த நீல நாடா

எவுதோசியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது என்று லோமா செக்கா ஊரில் இன்றும் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்தானே. அந்த இடத்தில் எந்தத் தாய் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

புருஷன் காய்ச்சலில் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரே மகன், அபெலினோ. கரும்பு ஆலையில் வேலை பார்த்தவன். 1900-இல் சாந்தாந்தேர் மலைப்பக்கம் சிவப்புக் கட்சியின் கர்னல் அரசாங்கத்தோடு சண்டைக்கு ஆள் பிடிக்க வந்தபோது, பத்தொன்பது வயதுப் பையனின் தொப்பியில் சிவப்பு நாடாவைக் கட்டி, அவனைவிட வயதான துப்பாக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். எவுதோசியா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பிறகு சோளம் அரைக்கும் கல்லை முதுகில் கட்டிக்கொண்டு படைக்குப் பின்னால் நடந்தாள். அந்தப் படைகளுக்குத் தனியாகச் சமையல்கட்டு ஏது? அம்மாக்களும் பெண்டாட்டிகளும்தான் சமையல்கட்டு.

லோமா செக்கா குன்றில் ஆறு நாள் சண்டை. குன்றின் இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் அரசாங்கத்தின் நீலம். இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் ஒரே கம்பளிப் போர்வை, ஒரே கயிற்றுச் செருப்பு, ஒரே பசி. யார் எந்தக் கட்சி என்பதைத் தொப்பி நாடாவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுடுவது ஓய்ந்த நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஆத்தா, உன் அரெப்பா ரொட்டி கருகுது! வாசனை இங்க வரைக்கும் வருது!"

"கருகினா உனக்கென்னடா, நீலக் கழுதை! உன் ஜெனரலைச் சுட்டுத் தரச் சொல்லு!"

"அவரு எங்களைத்தான் சுடவிடறாரு ஆத்தா!"

இரண்டு பக்கமும் சிரிக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுடத் தொடங்குவார்கள்.

ஏழாம் நாள் காலையில் சிவப்புப் படை சிதறி ஓடியது. எவுதோசியா ஓடவில்லை. பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். ஓடைக்கரையில் கிடந்தான் அபெலினோ. கீழே ஊர்ப்பக்கமிருந்து மாட்டுவண்டிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. நீல நாடாக்காரர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போகத்தான் அந்த வண்டிகள். சிவப்பு நாடா கட்டியவன் மன்னிப்பில்லாத சாவான பாவத்தில் செத்தவன், அவனுக்குப் புனித மண்ணில் இடமில்லை என்று ஊர்ச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். அவர்களுக்கு நாயும் பிணந்தின்னிக் கழுகும்தான் கதி.

இரண்டு முழம் தள்ளி ஒரு நீலப் பையன் குப்புறக் கிடந்தான். எவுதோசியா அவன் தொப்பியிலிருந்து நாடாவை அவிழ்த்து மகன் தொப்பியில் கட்டினாள். சிவப்பு நாடாவை ஓடையில் விட்டாள். நீல நாடாவின் உட்புறம் மஞ்சள் நூலில் ஏதோ தையல் இருந்தது. பூவேலை என்று நினைத்தாள்.

வண்டிக்காரர்கள் அபெலினோவைத் தூக்கிப் போனார்கள். நாடா இல்லாதவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பையன் முகத்தை அப்போதுதான் அவள் திருப்பிப் பார்த்தாள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அடுப்பு இரும்புத் தகட்டால் மண்ணைத் தோண்டி, கொய்யா மரத்தடியில் அவனைத் தானே புதைத்தாள்.

குன்றுக்குக் கீழே அந்த ஊரிலேயே தங்கி, சாமியார் வீட்டில் துணி துவைத்தாள். மகன் குழியருகே இருக்க வேண்டுமே. சிவப்புக்காரனின் தாய் என்று தெரிந்தால் தோண்டி எறிந்துவிடுவார்கள் என்று, பெருக்கும் சாக்கில் போய் நிற்பாளே தவிர, ஒரு நாளும் வாய்விட்டு அழுததில்லை. ஒரு நாள் தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம், "சிலுவையில என்ன எழுதியிருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"கிரிசாந்தோ பிரபான். நாடாவுல அவன் பேரை அம்மாக்காரி தைச்சு அனுப்பியிருக்கா. சாமி அதைப் பார்த்துதான் எழுதினாரு."

எவுதோசியா பூவேலை என்று நினைத்தது அந்தப் பேரைத்தான்.

அடுத்த மே மாதம், மகன் குழி இங்கே என்று கேள்விப்பட்டு அந்த அம்மாவே வந்துவிட்டாள். ரோசெந்தா. ஒன்பது நாள் நடந்து வந்தவள், நேரே எவுதோசியாவின் குடிசை வாசலில் நின்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் என் பிள்ளை குழியைப் பெருக்கறீங்களாமே. உங்க வயிறு குளிரணும் தாயி."

இரண்டு நாள் எவுதோசியா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ரோசெந்தா குழியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், மண்ணை முத்தமிட்டாள், மகனோடு பேசினாள். ஞாயிற்றுக்கிழமை ஊர் பூசைக்குப் போன நேரம், தன் ஊருக்குத் திரும்ப ரோசெந்தா மூட்டையைக் கட்டினாள். அதற்குமேல் எவுதோசியாவால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அது உங்க பிள்ளை இல்ல. என் பிள்ளை. நாடாவை நான்தான் மாத்தினேன்."

கன்னத்தில் அறை விழுந்தது. எவுதோசியா முகத்தைத் திருப்பவில்லை.

"பாவி! இப்பவே சாமிகிட்டச் சொல்றேன். தூக்கி எறியட்டும் உன் பிள்ளையை!"

"சொல்லுங்க. சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா முதல்ல உங்க பிள்ளையைப் பார்த்துட்டுப் போங்க."

கொய்யா மரத்தடியில் குழியைச் சுற்றி ஓடைக்கல் நெருக்கமாக அடுக்கியிருந்தது. ரோசெந்தா வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இந்தக் கல்லெல்லாம் யாரு வச்சா?"

"நான்தான். நாய் தோண்டிடும்னு."

"அவன் கண்ணை மூடிவிட்டியா?"

"மூடினேன் அக்கா."

ரோசெந்தா மரத்தில் சாய்ந்து, நடந்து வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்தாள். தேவாலயத்தில் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"மண்வெட்டி இருக்கா?" என்றாள்.

ஈர மண். ஓராண்டில் எலும்புதான் மிச்சம். அதைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இருவரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். சிலுவையடியில் தோண்டியதும் எவுதோசியா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அபெலினோவை வெளியே எடுக்கச் சொல்லப் போகிறாள் ரோசெந்தா என்று காத்திருந்தாள்.

"உன் பிள்ளையைக் கொஞ்சம் ஓரமா நகர்த்து," என்றாள் ரோசெந்தா. "என் பிள்ளைக்கும் இடம் வேணும்."

நகர்த்தினாள். அருகருகே கிடத்தி மண்ணைத் தள்ளி மிதித்து முடிப்பதற்குள் பூசை முடிந்து சாமியார் வந்துவிட்டார். கிளறிய மண்ணைப் பார்த்தார். முழங்காலிட்டுத் தேம்பிக்கொண்டிருந்த எவுதோசியாவைப் பார்த்தார்.

"இவ என்ன இந்த அழுகை அழறா? பெத்தவ நீதானே?"

"என் தங்கச்சி சாமி," என்றாள் ரோசெந்தா. "பிள்ளைக்குச் சித்தி. அழட்டும் விடுங்க."

எவுதோசியா ஊர் பார்க்க, ஓவென்று அழுதாள்.